கைவிடும் உரிமையும் ஒப்படைக்கும் கடமையும்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமாக அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டபடியால், குறையொன்றுமின்றி இயங்கிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்களை இனி என்ன செய்வது என்ற கேள்வி வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் சிறிய அச்சகங்களிலும் வக்கீல் அலுவலகங்களிலும் எழுந்திருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், அது ஒப்புக்கொள்கிற பிராசஸரும் தங்கள் யந்திரத்தில் இல்லை என்று அறிந்தவர்களில், அதற்காகவே அந்த யந்திரத்தைக் குப்பையில் சேர்க்க மனம் ஒப்பாத பலர் லினக்ஸ் என்னும் மாற்று இயங்குதளத்தை நாடுகிறார்கள். சிலர் எப்படியாவது புதிய விண்டோஸையே ஏற்றிப் பார்க்கிறார்கள். இரண்டு வழியிலும் அவர்களுக்கு நேரக்கூடிய சங்கடம் ஒன்று உண்டு. திரை ஒளிர்கிறது, கீபோர்டு இயங்குகிறது, பாட்டுக்கூடக் கேட்கிறது. வைஃபை மட்டும் இல்லை. பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோனால், “டிரைவர் எடுக்க மாட்டேங்குது, வேற லேப்டாப் பாத்துக்குங்க” என்ற பதிலோடு விஷயம் முடிந்துபோகிறது.

அந்தப் பதிலை இறுதியான தீர்ப்பாக நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நேற்று மாலை வரை தெருக்கோடியில் இருக்கும் ரவுட்டரோடுகூடத் தொடர்பு கொண்டிருந்த அந்தக் கார்டில், இரவு நடந்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டினால் எந்தக் கம்பியும் அறுந்துவிடவில்லை. அதன் ஆன்டெனா முன்போலவே அலைகளைப் பெறுகிறது. அதன் சிப் முன்போலவே கட்டளைக்குக் காத்திருக்கிறது. கட்டளையிடத் தெரிந்தவர் எவரும் கம்ப்யூட்டருக்குள் இல்லாமற்போனதே நடந்த ஒரே மாறுதல். ஒரு நிறுவனம் தான் விற்ற பொருளைக் காலமெல்லாம் பராமரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எவரும் நியாயமாகக் கேட்க முடியாது. ஆனால் தான் பராமரிப்பை நிறுத்துகிற நாளில், பிறர் அதைப் பராமரிப்பதற்கு வேண்டிய விவரங்களை ஊரறிய வெளியிட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். அதைச் சட்டமாகவும், அரசாங்கம் கொள்முதல் செய்யும்போது டெண்டர் நிபந்தனையாகவும் ஆக்குவது அவசியம்.

கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விவரமாகச் சொன்னால்தான் இந்தக் கோரிக்கையின் நியாயம் விளங்கும். டிரைவர் என்று நாம் அழைக்கும் சிறிய சாஃப்ட்வேர், கம்ப்யூட்டரை ஆளும் இயங்குதளத்துக்கும் கார்டில் இருக்கும் சிப்புக்கும் நடுவே நின்று, அந்தக் காலத்துக் கச்சேரிகளில் துரைக்கும் குடிகளுக்கும் இடையே நின்ற துபாஷியைப் போல, ஒருவர் சொல்வதை மற்றவருக்கு எடுத்துரைக்கிறது. சிப் பேசும் பாஷை தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. அது என்றும் மாறாது. இயங்குதளத்தின் பாஷையோ ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் ஓரளவு மாறிக்கொண்டே வருகிறது. ஆகவே மாறுதலுக்குத் தக்கபடி டிரைவரை யாராவது திருத்திக்கொண்டே வர வேண்டும். இதற்கும் மேலாக, அநேகம் வைஃபை சிப்புகளுக்குள்ளேயே ஒரு சின்னஞ்சிறு பிராசஸர் இருக்கிறது. அதை இயக்குவதற்கான ஃபர்ம்வேர் என்னும் நிரல், கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளியிலிருந்து உள்ளே ஏற்றப்பட வேண்டும். அந்த ஃபர்ம்வேர் சிப்பைச் செய்தவரின் சொத்து. அதைப் பிறர் பிரதி எடுத்து வழங்க அவர் சம்மதம் தராவிட்டால், டிரைவர் எவ்வளவு திறமையாக எழுதப்பட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இதில் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற அம்சம் ஒன்று உண்டு. வானலைகளின் விதிமுறைகளை வகுத்தவர்கள் பழையதைக் கைவிடவில்லை. அமெரிக்காவின் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் சங்கம் 1997இல் 802.11 என்ற முதல் தரத்தை வெளியிட்டது. 1999இல் ‘பி’ வந்தது. 2003இல் ‘ஜி’ வந்தபோது, அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பழைய ‘பி’ கருவிகளும் தொடர்ந்து பேசுவதற்கு இடம்விட்டே அதை அமைத்தார்கள்; 2009இல் வந்த ‘என்’ அப்படியே முந்தைய இரண்டுக்கும் இடம்விட்டது. புதிய கருவிகளின் வேகத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் சரி, பழையவை ஊமையாகிவிடக் கூடாது என்று கருதி அந்தக் குழுவினர் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சமல்ல. நம் நாட்டில் அந்த அலைவரிசை உரிமம் இன்றி எவரும் உபயோகிக்கத்தக்கதாக 2005 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த வருஷம் வாங்கிய கார்டும் இன்று வாங்கிய ரவுட்டரும் ஆகாயத்தில் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முடியும். ஆகாயத்தில் காப்பாற்றப்பட்ட அந்த உறவு, கம்ப்யூட்டரின் உள்ளே அறுந்துபோகிறது.

எப்படி அறுகிறது என்பதற்கும், அறுந்ததை மனிதர்கள் எவ்வாறு மீண்டும் இணைத்தார்கள் என்பதற்கும் பிராட்காம் நிறுவனத்துச் சிப்புகளின் சரித்திரம் நல்ல உதாரணம். 2003ஆம் ஆண்டை ஒட்டி, ஆப்பிள் மடிக்கணினிகள் முதல் வீட்டு ரவுட்டர்கள் வரை எங்கும் பரவியிருந்த அந்தச் சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவரோ, டிரைவர் எழுதுவதற்கான விவரக் குறிப்போ தர அந்நிறுவனம் முன்வரவில்லை. அதனால் சில தன்னார்வலர்கள் ஒரு கடினமான வழியை மேற்கொண்டார்கள். ஒரு குழுவினர் அந்நிறுவனத்தின் மூடிய டிரைவரை அணு அணுவாக ஆராய்ந்து, சிப்புக்கு எந்த வேளையில் என்ன கட்டளை செல்கிறது என்பதைச் சாதாரண ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். அந்த மூடிய டிரைவரைக் கண்ணாலும் பாராத வேறொரு குழுவினர், எழுதிவைத்த குறிப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டு புதிய டிரைவரை இயற்றினார்கள். பிறர் எழுத்தைத் திருடினார்கள் என்ற அபவாதம் எந்தக் காலத்திலும் வரக் கூடாது என்பதற்காகவே தமக்குள் இப்படிச் சுவர் எழுப்பிக்கொண்டு வேலை செய்த அவர்களுடைய நேர்மையை எத்தனை பாராட்டினாலும் தகும். அந்த டிரைவர் 2006இல் லினக்ஸின் மையப் பகுதியாகிய கெர்னலில் சேர்ந்தது. பிறகு திருத்தி எழுதப்பட்டு பி43 என்றும், மிகப் பழைய சிப்புகளுக்காக பி43 லெகஸி என்றும் இரண்டாகி, 2008 ஜனவரியில் வெளிவந்த கெர்னலில் இடம்பெற்றது.

ஆயினும் ஃபர்ம்வேர் பிரச்சினை தீரவில்லை. அதைப் பகிர்ந்தளிக்க பிராட்காம் அனுமதி தராததால், அந்நிறுவனத்தின் மூடிய டிரைவரிலிருந்து ஃபர்ம்வேர்ப் பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் ஒரு கருவியைத் தனியே எழுத வேண்டியிருந்தது. உபயோகிப்பவர் தாமே அந்தக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, தாமே வெட்டி, தம் கார்டுக்குக் கொடுக்க வேண்டும். இணையத்துக்குப் போகும் வழியோ அந்தக் கார்டு ஒன்றுதான். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரையோ ஒரு கேபிளையோ தேடி அலைந்து எத்தனையோ பேர் அந்த நாட்களில் பட்ட அவஸ்தை முழுவதும், அந்நிறுவனத்துக்கு ஒரு காசும் செலவு வைக்காத ஓர் அனுமதிக் கடிதத்தால் தவிர்க்கக்கூடியதாக இருந்தது. இத்தாலி தேசத்தில் பிரெசியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சிப்புகள் சிலவற்றுக்கு ஒரு சுதந்திரமான ஃபர்ம்வேரையே புதிதாக எழுதி வெளியிட்டார்கள் என்றால், தேவை எவ்வளவு உண்மையானது என்பது விளங்கும்.

2010 செப்டம்பரில் பிராட்காம் தன் போக்கை ஓரளவு மாற்றிக்கொண்டு, அப்போதைய புதிய சிப்புகள் சிலவற்றுக்கு, எவரும் படித்துத் திருத்தத்தக்க மூல நிரலோடு கூடிய டிரைவரைத் தானே வெளியிட்டது. வரவேற்கத்தக்க அந்தக் காரியத்தில் பழைய சிப்புகளுக்கு இடமில்லை. வேறு பல சிப்புகளுக்கு ‘டபிள்யூ.எல்.’ என்ற பாதி மூடிய டிரைவர் ஒன்றை அந்நிறுவனம் வழங்கிவந்தது. அதன் கடைசிப் பதிப்பு 2015இல் வெளியாயிற்று. அதற்குப்பின் வந்த ஒவ்வொரு கெர்னலுக்கும் டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் வகைகளைப் பராமரிக்கிறவர்கள் தாமாகவே ஒட்டுப்போட்டு அதை இயங்கச் செய்துவருகிறார்கள்: 2018இல் வந்த 4.15 கெர்னலில் நேரக்கணக்கைக் கையாளும் முறை மாறியதும் ஓர் ஒட்டு, பின்னர் நினைவகத்தைக் கையாளும் முறை மாறியபோது வேறோர் ஒட்டு என்று இந்த வேலை முடிவின்றி நீண்டுகொண்டிருக்கிறது. டிரைவரின் திறந்த பகுதியை அவர்கள் திருத்தலாம். மூடிய பகுதிக்குள் இருக்கும் பிழையையோ பாதுகாப்புக் குறைபாட்டையோ அவர்களால் தொடவும் முடியாது. அந்தச் சிப்பு உள்ள லேப்டாப்புகள் இன்றும் நல்ல நிலையில் இருப்பதையும், அவற்றின் வைஃபை ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டின்போதும் சம்பளமில்லாத யாரோ ஒருவருடைய ஓய்வு நேரத்தை நம்பியிருப்பதையும் நினைத்தால் மனம் கலங்குகிறது.

இதற்கு நேர்மாறான சரித்திரமும் உண்டு. ஏதெராஸ் என்ற நிறுவனத்தின் சிப்புகளும் ஒரு காலத்தில் மூடியவையாகவே இருந்தன. வானலையைக் கட்டுப்படுத்தும் பகுதியை மட்டும் ஒரு பூட்டிய பெட்டியைப்போல் வைத்து, மற்றவற்றைத் திறந்து தந்திருந்தார்கள். ஓபன்பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தைச் சேர்ந்தவர்கள் அந்தப் பகுதியைச் சுதந்திரமாக எழுதிக் காட்டினார்கள். அந்த இயங்குதளத்தை நிறுவிய தியோ டி ராட், வைஃபை சிப்புகளுக்கு விவரக் குறிப்புகளும் ஃபர்ம்வேர் அனுமதியும் கேட்டு நிறுவனங்களோடு இடைவிடாமல் வாதாடியவர். 2004ஆம் ஆண்டுக்கான சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் விருது அவருக்குக் கிடைத்தது. தைவானைச் சேர்ந்த ரேலிங்க் போன்ற சில நிறுவனங்கள் அவர் கோரிக்கைக்கு இணங்கி விவரங்களைத் தந்தன. ஏதெராஸும் 2008 ஜூலையில் தன் புதிய சிப்புகளுக்கு ‘ஏத்9கே’ என்ற முழுமையான டிரைவரை மூல நிரலோடு வெளியிட்டு, அதே ஆண்டில் பழைய சிப்புகளுக்கான பூட்டிய பகுதியையும் திறந்துவிட்டது, பின்னர் யு.எஸ்.பி. வகைச் சிப்பின் ஃபர்ம்வேர் நிரலும் வெளியிடப்பட்டது. அந்த நிறுவனம் இப்போது தனியாக இல்லை. 2011இல் குவால்காம் நிறுவனத்தோடு ஐக்கியமாகிவிட்டது. ஆனால் அந்தச் சிப்புகள் இன்றைய கெர்னலிலும் எவ்விதச் சடங்குமின்றி, செருகினவுடன் இயங்குகின்றன. நிறுவனம் மறைந்தபின்னும் அதன் பண்டம் ஜீவித்திருப்பதற்குக் காரணம், அது உயிரோடிருந்தபோதே விவரத்தை ஊராரிடம் ஒப்படைத்ததுதான்.

ஒப்படைத்தால் என்ன விளையும் என்பதற்கு லாரி ஃபிங்கர் என்பவருடைய பணியைவிட உயர்ந்த சாட்சியத்தை நான் அறியேன். 2005ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் கெர்னலுக்குப் பணிபுரிந்து, 1,500க்கும் அதிகமான திருத்தங்களைச் சேர்த்தவர் அவர்; பி43 டிரைவர்களையும், ரியல்டெக் சிப்புகளுக்கான டிரைவர்களையும் நெடுங்காலம் பேணிவந்தார். டபிள்யூ.பி.ஏ. 3 என்ற புதிய பாதுகாப்பு முறை 2018இல் அறிவிக்கப்பட்டது; பி43 லெகஸி டிரைவர் தாங்குகிற சிப்புகளோ அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தவை. அவை அந்தப் புதிய முறையில் இணைய மறுத்தன. ஃபிங்கர் ஆராய்ந்து பார்த்து, புதிய சங்கேத முறையைச் சிப் அறியாவிட்டாலும் கெர்னலில் உள்ள பொதுவான வைஃபை அடுக்கு அதைத் தானே செய்துகொள்ள வல்லது என்பதையும், அது முடியும் என்று டிரைவர் அறிவிக்காததே தடை என்பதையும் கண்டு, 2020இல் அந்த அறிவிப்பைச் சேர்த்தார். மிகச் சிறிய அந்தத் திருத்தத்தினால், அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியவை என்று எல்லோரும் கருதிய கார்டுகள், இன்றைய உச்சமான பாதுகாப்போடு இயங்கத் தகுதி பெற்றன. 2024 ஜூன் 21 அன்று அவர் காலமானார். அவருடைய பெயரை அறியாத எத்தனையோ வீடுகளில் அவர் திருத்திய நிரல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூல நிரல் கையில் இருந்ததனால் அவரால் அதைச் செய்ய முடிந்தது, விஷயம் அவ்வளவே.

பழையதை உயிரோடு வைத்திருப்பது ஆபத்தானது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வைஃபையின் முதல் பாதுகாப்பு முறையாகிய ‘வெப்’ என்பதை எவ்வாறு உடைக்கலாம் என்று ஃபிளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் 2001இலேயே காட்டிவிட்டார்கள். அந்த முறையன்றி வேறொன்றும் இயலாத கருவியை இன்றைய வீட்டு நெட்வொர்க்கில் அனுமதிப்பது, பணம் அனுப்புவதும் பத்திரம் வைப்பதும் அதே நெட்வொர்க்கில் நடக்கிற இக்காலத்தில், அறவே தகாது. அத்தகைய கருவிக்கு நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் இந்த வாதத்தைச் சற்று நீட்டிப் பார்த்தால் அது என் கட்சிக்கே பலம் சேர்க்கிறது. பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப் 2017இல் ‘க்ராக்’ என்ற குறைபாட்டையும், 2021இல் ‘ஃபிராக்அட்டாக்ஸ்’ என்ற குறைபாடுகளையும் வெளிப்படுத்தினார். பின்னதில் சில, 1997ஆம் ஆண்டுத் தரம் முதற்கொண்டே உறங்கிக்கிடந்தவை. பொது அடுக்கை நம்பியிருந்த திறந்த டிரைவர்கள் அநேகத்துக்கு, அந்த அடுக்கில் ஓரிடத்தில் செய்த திருத்தமே பெரும்பாலும் பரிகாரமாயிற்று; இருபது வருஷத்துக் கார்டும் நேற்று வாங்கிய கார்டும் அதனால் ஒருங்கே பயன்பெற்றன. மூடிய டிரைவரை உடைய கருவிகளுக்கோ, அவற்றைச் செய்தவர் மனம்வைத்தாலொழிய கதியில்லை. பாதுகாப்பில் உண்மையான அக்கறை உள்ளவர் கேட்க வேண்டியது பழைய கருவிகளை வீசியெறியும்படி அன்று. அவற்றைத் திருத்தும் அதிகாரத்தைத்தான்.

இயற்கையான முடிவு என்று ஒன்று உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. 2003இல் லிங்க்ஸிஸ் நிறுவனம் தன் புகழ்பெற்ற நீலநிற ரவுட்டரில் லினக்ஸ் நிரலை உபயோகித்திருந்தது வெளிப்பட்டு, உரிமத்தின்படி மூல நிரலை வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து 2004இல் பிறந்த ஓபன்டபிள்யூ.ஆர்.டி. என்னும் திட்டம், தயாரித்தவர்களே மறந்துபோன எத்தனையோ ரவுட்டர்களுக்குப் பல்லாண்டுகள் ஆயுள் தந்தது. அந்தத் திட்டமும், 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் மட்டுமே உள்ள கருவிகளுக்கு 19.07 பதிப்போடு விடைகொடுத்தது. வளர்ந்துபோன கெர்னல் அந்தச் சிறிய இடத்தில் அடங்கவில்லை. லினக்ஸ் கெர்னலே, பழைய மடிக்கணினிகளின் பக்கவாட்டில் செருகிய பி.சி.எம்.சி.ஐ.ஏ. காலத்துக் கார்டுகளுக்கான டிரைவர்கள் பலவற்றை, உபயோகிப்பவரும் பராமரிப்பவரும் இல்லை என்று கண்டு, அண்மையில் நீக்கியது. அவற்றின் நிரல் சரித்திரத்தில் பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு எவருக்கேனும் தேவைப்பட்டால் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். இப்படிப்பட்ட முடிவைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை.

வானலைச் சட்டங்களைக் காரணம் காட்டி விவரங்களை மறைப்பவர்கள் சொல்லும் வாதத்தையும் சிறிது பார்க்க வேண்டும். பிறர் கைவைத்தால் கருவி அனுமதிக்கப்பட்ட அளவை மீறி அலைபரப்பிவிடும் என்கிறார்கள். அமெரிக்க விமான நிலையங்களின் வானிலை ரேடார்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளால் இடையூறு நேர்ந்தது உண்மையே; அதைத் தடுக்க முற்பட்ட அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட குறிப்புகள், பிறர் எழுதிய ஃபர்ம்வேரையே விலக்கிவிடுமோ என்ற அச்சத்தை எழுப்பின. இணையத்தின் தந்தையருள் ஒருவராகிய விண்ட் செர்ஃப், டேவ் டாட் முதலிய 260க்கும் மேற்பட்ட நிபுணர்கள், தடை செய்வதற்குப் பதிலாக மூல நிரலை வெளியிடும்படி கட்டாயப்படுத்துங்கள் என்று ஆணையத்துக்கு எழுதினார்கள். ஆணையம் தன் நோக்கம் அதுவல்ல என்று தெளிவுபடுத்தியது. மறு ஆண்டில் டி.பி.–லிங்க் நிறுவனத்தின்மேல் அலைவலிமை மீறல் தொடர்பாக நடவடிக்கை எடுத்து 2,00,000 டாலர் செலுத்த வைத்தபோதும், பிறருடைய ஃபர்ம்வேருக்குப் பாதுகாப்பான முறையில் இடம் தருவதற்கான வழியை ஆராயும்படி அந்த உடன்படிக்கையிலேயே சேர்த்தது. அலைவலிமையை எல்லைக்குள் வைப்பதும் மற்றவற்றைத் திறந்துவைப்பதும் ஒருங்கே சாத்தியம் என்பதை, ஒழுங்குபடுத்தும் அதிகாரம் படைத்தவர்களே ஒப்புக்கொண்டபின், இந்த வாதம் நிற்காது.

வாங்குகிறவர் தாமே விசாரித்து வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். டி.எல்.–டபிள்யூ.என்.722என் என்ற யு.எஸ்.பி. வைஃபை கருவி உலகெங்கும் விற்பனையானது. அதன் முதல் பதிப்பில் இருந்தது நான் மேலே புகழ்ந்த ஏதெராஸ் வகைச் சிப். இரண்டாம் பதிப்பில், பெயரையும் தோற்றத்தையும் மாற்றாமல், ரியல்டெக் சிப் ஒன்றை வைத்துவிட்டார்கள். முந்தையது லினக்ஸில் செருகியவுடன் இயங்கும். பிந்தையதற்குப் பல ஆண்டுகள் தனியே டிரைவர் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. பெட்டியின்மேல் மூலையில் பொடியெழுத்தில் இருக்கும் பதிப்பு எண் ஒன்றே வித்தியாசம். ஹார்டுவேர் தொழிலிலேயே இருப்பவரும் ஏமாறக்கூடிய இந்த நிலையில், ஒரு மாணவனோ இல்லத்தரசியோ விசாரித்து வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநீதி. உள்ளே இருக்கும் சிப்பின் பெயரை, மருந்துப் புட்டியில் மருந்தின் பெயர் அச்சிடப்படுவதைப் போன்ற கட்டாயத்தோடு, பெட்டியின்மேல் அச்சிட வேண்டும் என்று விதித்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

சட்டம் செய்கிறவர்கள் இத்திசையில் நகரத் தொடங்கியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம், டிஜிட்டல் கருவிகளை விற்பவர்கள் பொதுவாகக் குறைந்தது ஐந்து வருஷமாவது பாதுகாப்புத் திருத்தங்களைத் தர வேண்டும் என்கிறது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வரும். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு ஓர் இணையவாசலைத் தொடங்கியது. பழுதுபார்க்கும் தகுதிக்கு மதிப்பெண் வழங்குவதற்கென அமைத்த குழு 2025 மே மாதம் தந்த அறிக்கை, மென்பொருள் அப்டேட்டுகளையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அது முதற்கட்டமாகக் கைப்பேசிகளையும் டேப்லெட்டுகளையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. மின்னணுக் கழிவு பற்றிய 2022ஆம் ஆண்டு விதிகளின் கவனம் பெரும்பாலும் கழிவான பொருளை எவ்வாறு மறுசுழற்சி செய்வது என்பதிலேயே இருக்கிறது. இன்னும் கழிவாகாத பொருளைக் கழிவாக்காமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு அவற்றில் போதிய பதில் இல்லை. உலகத்தில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் நாலில் ஒரு பங்குகூட முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவில்லை என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகையில், மறுசுழற்சியையே நம்பியிருப்பது எவ்வளவு போதாது என்பது வெளிப்படை. ஐந்து வருஷம் ஆதரவு தர வேண்டும் என்ற விதியும் நல்லதே. ஆறாவது வருஷத்தில் என்ன என்ற கேள்விக்கு அது பதிலாகாது. ஆதரவு முடிகிற தேதியில், சிப்பின் விவரக் குறிப்பும், ஃபர்ம்வேரைப் பிரதியெடுத்து வழங்கும் அனுமதியும், கூடுமானால் டிரைவரின் மூல நிரலும் வெளியாகியிருக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியம் அந்தச் சட்டங்களில் சேர்ந்தால் போதும்.

மத்திய சட்டம் வருவதற்குக் காத்திராமல் தமிழ்நாட்டில் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின்கீழ், பின்வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அரசாங்கம் மடிக்கணினி வழங்கியது; தொடக்க காலத்து யந்திரங்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பாகிய சி–டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குகிற ஒருவர் வைக்கும் நிபந்தனையைச் சிப் விற்கும் நிறுவனங்கள் அலட்சியம் செய்ய முடியாது. இனிமேல் மாநில அரசு விடுகிற ஒவ்வொரு மடிக்கணினி, ரவுட்டர் டெண்டரிலும், வைஃபை சிப்பின் பெயரும் பதிப்பும் எழுத்தில் தரப்பட வேண்டும் என்றும், அதன் டிரைவர் பொது லினக்ஸ் கெர்னலில் முன்பே சேர்ந்திருக்க வேண்டும் என்றும், அதன் ஃபர்ம்வேர் எவரும் பகிர்ந்தளிக்கும் உரிமையோடு இருக்க வேண்டும் என்றும், ஒப்பந்த காலத்தின் நடுவே சிப்பை மாற்றினால் முன்கூட்டியே அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்றும் நான்கு வரிகளைச் சேர்க்கலாம். விற்பவர் தருகிற மாதிரி யந்திரத்தில் விண்டோஸை முழுவதும் அகற்றி, பாஸ் லினக்ஸின் புதிய பதிப்பை நிறுவி, கேபிள் எதுவும் இல்லாமல் வைஃபை தானாக இணைகிறதா என்று சோதித்துச் சான்று அளிக்கும் பொறுப்பை அதே சி–டாக் மையத்திடம் ஒப்படைக்கலாம். அந்தச் சான்று கிடைக்கும் வரையில் எந்தக் கொள்முதல் உத்தரவிலும் கையெழுத்து விழக் கூடாது.